டக்கெட் வம்சத்துப் பித்தளைத் தகடு

கேலீன் டக்கெட்டின் பாட்டனுக்குப் பாட்டன் சைலஸ், இங்கிலாந்தில் நாரிச் நகரத்துச் சத்திரம் ஒன்றிலிருந்து செம்புக் கெண்டியைத் திருடினாரா இல்லையா என்று முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட குழு உட்கார்ந்திருந்தது. திருடவில்லை என்று முடிவாகிவிட்டால் குடும்ப மானம் கப்பலேறிவிடும்.

"கோர்ட்ல உங்க மூதாதை 'நான் எடுக்கல, யாரோ என் கோட்டுக்குள்ள வெச்சுட்டாங்க'ன்னு சொல்லியிருக்கார்," என்றார் தலைவர் ராட்னி அக்லண்ட். "இது எங்களுக்குக் கவலையா இருக்கு."

"மன்னிச்சுக்கோங்க," என்றாள் கேலீன்.

அவள் அப்படித்தான். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். ஆட்டு மந்தை ரோட்டை மறித்துப் பஸ் தாமதமானால் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பாள். பிறகு, ஹார்ன் அடித்ததற்காக ஆடுகளிடமும் கேட்பாள்.

"மன்னிப்பு அப்புறம். அவர் நிரபராதியா இருக்க வாய்ப்பிருக்கா? அதைச் சொல்லுங்க."

"இல்லவே இல்லைங்க. எங்க குடும்பத்துல யார் மாட்டினாலும் முதல்ல 'நான் எடுக்கல'ன்னுதான் சொல்லுவோம். எங்க அண்ணன் பெட்ரோல் பங்க்ல சாக்லேட் எடுத்து மாட்டினப்போ, வாய் நிறைய மென்னுக்கிட்டே அதையேதான் சொன்னான்."

செயலாளர் ஹெஸ்டர் பிம்லாட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பரிவோடு பார்த்தார். "பரம்பரைப் பழக்கம்னு எழுதிக்கலாமா கண்ணு?"

"தாராளமா எழுதிக்கோங்க."

மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் திருட்டு உறுதியானது. குழு எழுந்து கைதட்டியது. கேலீனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே என்ற உறுத்தலும் கூடவே வந்தது.

"நாங்க கறாரா இருக்கறதுக்குக் காரணம் இருக்கும்மா," என்றார் அக்லண்ட். நிலத் தரகு செய்து ஓய்வு பெற்றவர். எதையும் விற்கிற குரலிலேயே சொல்வார். "போன வருஷம் ஒருத்தர் விண்ணப்பிச்சார். பார்த்தா, அவரோட மூதாதை சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து, கப்பல்ல மேல்தட்டுல காத்து வாங்கிக்கிட்டே வந்தவர். அந்த மாதிரி ஆளுங்களை உள்ள விட்டா சங்கத்தோட தரம் என்ன ஆகும்?"

"அவரை என்ன பண்ணீங்க?"

"இணை உறுப்பினரா வெச்சிருக்கோம். விருந்தன்னிக்குப் பாத்திரம் கழுவறார். நல்ல மனுஷன். அவர் மேல என்ன தப்பு, பாவம்."

டெர்வென்ட் பள்ளத்தாக்குக் கைதி வம்சாவளிச் சங்கம், இங்கிலாந்து ஒரு காலத்தில் தன் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய தீவில், நியூ நார்ஃபோக் ஊரின் பழைய ஹாப்ஸ் உலர்த்தும் கூடத்தில் கூடுகிறது. ஒரு காலத்தில் பியருக்கான பூக்களை வாட்டிய கட்டடம். இப்போது அங்கே மனிதர்களை வாட்டுகிறார்கள். இதே ஊரில் இரண்டு தலைமுறைக்கு முன்பு, உன் தாத்தா கைவிலங்கோடு வந்தவர்தானே என்று கேட்டால் பல் உடைந்திருக்கும். குடும்பம் குடும்பமாக, மூதாதையர் பெயர் எழுதியிருந்த பழைய பைபிளின் முன்பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டார்கள். இப்போது அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தச் சாம்பலைக் கிளறி, ஒரு பூட்டையாவது உடைத்த மூதாதை கிடைக்க மாட்டானா என்று தவம் கிடக்கிறார்கள்.

ஆண்டு விருந்தில் தண்டனைப்படிதான் இருக்கை. ஏழாண்டுக்காரர்களின் வாரிசுகள் கழிவறைக் கதவோரம். பதினான்கு ஆண்டுகள் நடுவில். ஆயுள் தண்டனை, மேடைக்கு முன்னால். தூக்குத் தண்டனை பெற்று, கடைசி நேரத்தில் கயிறு தப்பிக் கப்பலேறியவர்களின் வாரிசுகளுக்கு மேடை மேல் மெத்தை நாற்காலி. முதலில் எல்லோருக்கும் ஓட்ஸ் கஞ்சியும் கல் பிஸ்கட்டும் வரும். மூதாதையரின் பசியை நினைத்து ஒரு கரண்டி குடித்துவிட்டு ஒதுக்கி வைக்க வேண்டும். பிறகு ஆட்டுத் தொடை வறுவலும், கிரீமும் பழமும் போட்ட பாவ்லோவா இனிப்பும்.

அந்தக் கூடத்துச் சுவரில் குடும்பத்துக்கு ஒரு பித்தளைத் தகடு உண்டு. கேலீன் வந்தது அந்தத் தகட்டுக்காகத்தான். அவளுக்காக அல்ல, அவளுடைய அப்பாவுக்காக.

அப்பா மெர்வ் டக்கெட், காகித ஆலையில் நாற்பது வருடம் உழைத்து, நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். முதியோர் இல்லத்தில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருந்தார். அடுத்த குளிர்காலத்தைத் தாண்டினால் அதிசயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாவைப் பற்றி மெர்வுக்குக் கவலையில்லை. அவருடைய ஒரே கவலை எதிர்க் கட்டில் கிளாரி.

"தினம் காலைல ரொட்டியில வெஜிமைட் தடவும்போதே ஆரம்பிச்சுடறான்டி. 'எங்க ஆளு ஆடு திருடினவர், ஆயுள் தண்டனை'ன்னு. என்னமோ இவனே ஆட்டைத் தோள்ல தூக்கிட்டு ஓடின மாதிரி! நமக்கு யாரு? எங்கம்மா சொன்னா, கப்பல் தச்சராம். தச்சராம் தச்சர்! நம்ம வம்சத்துல எவனுக்காவது ஒரு ஆணியை நேரா அடிக்கத் தெரியுமா?"

"தேடிப் பார்க்கறேம்ப்பா."

"தேடு. சாகறதுக்குள்ள நம்ம பேர் அந்தச் சுவத்துல ஏறணும். நான் அதைப் பார்க்கணும். கிளாரி பய அதைப் பார்த்துட்டு வயிறெரியணும்."

திருட்டு உறுதியான செய்தியைக் கேலீன் சொன்னபோது அவர் கிளாரியின் கட்டில் பக்கம் திரும்பி, "கெண்டி! செம்புக் கெண்டி!" என்று கத்தி, மூச்சிரைத்து, நர்ஸ் ஓடிவர வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. தகடு மாட்டும் தேதி சொல்லத்தான் என்று நினைத்துக் கேலீன் எலுமிச்சை கேக் ஒன்று செய்து எடுத்துப் போனாள். உள்ளே ஐந்து பேரும் சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கண்களில் ஒரு பளபளப்பு இருந்தது.

"உட்காரு கண்ணு," என்றார் ஹெஸ்டர். "கப்பலை விட்டு இறங்கின பிறகு எப்படி நடந்துக்கிட்டார்னும் நான் ஒரு பார்வை பார்க்கறது வழக்கம். உங்க சைலஸ், ரோடு போட்ட சங்கிலிக் கூட்டத்துல இருந்தார். முதல் வருஷம் கல் உடைச்சார். ரெண்டாவது வருஷத்துலேர்ந்து…" அவர் நிறுத்தி, தண்ணீர் குடித்தார். "சாட்டைக்காரர்."

"அப்படின்னா?"

"கைதிகளைக் கம்பத்துல கட்டி அடிக்கறவர். கைதிகள்லயே ஒருத்தரைத்தான் அதுக்கு எடுப்பாங்க. கால் சங்கிலியைக் கழட்டிடுவாங்க. கூடுதலா டீத்தூள், புகையிலை."

கேலீன் மடியில் இருந்த கேக்கைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கோங்க," என்றாள்.

இந்த முறை அந்தச் சொல் குழுவுக்குத் தேனாக இனித்தது. அக்லண்ட் எழுந்து நின்றார்.

"கேலீன், இந்தச் சங்கத்துல நூத்தி முப்பது குடும்பம் இருக்கோம். அத்தனை குடும்பத்து முதுகுலயும் தழும்பு இருக்கு. என் மூதாதை ஜோப் அக்லண்ட், நூறு அடி வாங்கினவர். ஒவ்வொரு விருந்துலயும் நான் சட்டையைக் கழட்டிட்டு நிக்கறேன், பருத்திக் கயித்தால முதுகைத் தொடறாங்க, எல்லாரும் எண்ணறாங்க, அழறாங்க. ஆனா ஒரு குறை. அடிச்சவன் வம்சத்துலேர்ந்து இதுவரைக்கும் ஒருத்தர்கூட எங்க முன்னாடி வந்ததில்ல. இத்தனை வருஷமா எங்க கோபத்தைக் கையில வெச்சுக்கிட்டு எங்க கொண்டுபோய்க் கொடுக்கறதுன்னு தெரியாம நின்னுட்டிருந்தோம். இப்ப நீங்க வந்திருக்கீங்க. நன்றி."

"நூத்தி முப்பது குடும்பத்தையும் அடிச்சவங்க நிறையப் பேரு இருந்திருப்பாங்களே," என்றாள் கேலீன் மெதுவாக. "அவங்க யாருக்குமே பிள்ளை பொறக்கலையா?"

ஹெஸ்டர் கோப்பைப் புரட்டினார்.

"நல்ல கேள்வி," என்றார் அக்லண்ட். "அதுக்கு ஒரு துணைக்குழு இருக்கு. இன்னும் கூடல."

தீர்மானம் நிறைவேறியது. கைதி என்ற வகையில் சைலஸ் டக்கெட்டுக்குத் தகடு உண்டு. சாட்டைக்காரர் என்ற வகையில் அந்தத் தகடு, எழுத்துகள் சுவரைப் பார்க்க, முதுகு வெளியே தெரிய மாட்டப்படும். வாரிசு ஆண்டு விருந்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டு, சங்கத்துக்குப் போதுமான ஆறுதல் கிடைத்த பிறகு அது திருப்பி மாட்டப்படும். ஆறுதல் போதுமா என்பதைச் சங்கமே முடிவு செய்யும்.

கேக்கை அவர்கள் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது என்றார்கள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று கேலீன் இரண்டு நாள் பஸ்ஸோடு சேர்த்து அதையும் ஓட்டினாள். கடைசியில் அவருடைய கட்டிலோரம் உட்கார்ந்து, கிளாரி குளிக்கப் போன நேரமாகப் பார்த்துச் சொல்லிவிட்டாள். நான் தோண்டாமல் இருந்திருந்தால் தச்சராகவாவது இருந்திருப்பார் என்று அழுதாள்.

மெர்வ் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"சங்கிலியைக் கழட்டிட்டாங்களா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"டீத்தூளும் குடுத்தாங்களா?"

"ஆமாம்."

"நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்டி," என்றார். "எவனாவது 'நான் எடுத்திருக்க மாட்டேன்'னு சொன்னா, அவனை ஒரு வாரம் கல் உடைக்கச் சொல்லிட்டு அப்புறம் கேளு." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கிளாரிகிட்ட கெண்டியோட நிறுத்திக்கோ," என்றார்.

மன்னிப்புக்கு ஒத்திகை இருந்தது. ஹெஸ்டர் நான்கு சனிக்கிழமை வரச் சொன்னார்.

"அழக் கூடாது கண்ணு. அழுதா உன்மேல இரக்கம் வந்துடும், அப்புறம் எங்களுக்கு என்ன மிஞ்சும்? ஆனா அழுகை வரப்போற மாதிரி இருக்கணும். 'ஆனால்'ங்கற வார்த்தையே வரக் கூடாது. டீத்தூள், சங்கிலி, அதெல்லாம் வேண்டாம். காரணம் சொல்ற மாதிரி ஆயிடும். தலையைக் குனி. இன்னும். போதும், போதும், அவ்வளவு குனிஞ்சா உடம்பு சரியில்லையோன்னு நினைப்பாங்க."

விருந்து வந்தது. இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு மரியாதை சொல்லும் வாசகத்தை ஹெஸ்டர் ஒரே மூச்சில் வாசித்து முடித்தார், கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அக்லண்ட் சட்டையைக் கழற்றினார். பருத்திக் கயிறு அவருடைய வழுவழுப்பான முதுகை வருடியது. கூடம் எண்ணியது, விசும்பியது. பிறகு கழிவறைக் கதவோரமிருந்து கேலீன் எழுந்தாள்.

ஒத்திகை செய்த எதுவும் அவளுக்கு நினைவில் வரவில்லை. "உங்க வீட்டு ஆளுங்களுக்கு வலிச்சிருக்கும்," என்றாள். "எங்க ஆளு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. என்னை மன்னிச்சுடுங்க." உட்கார்ந்துவிட்டாள். அவள் மனதார வருந்தினாள் என்பதுதான் அந்தக் கூடத்தில் அன்று நடந்த ஒரே அசம்பாவிதம்.

பாவ்லோவா வந்தபோது யாரும் அவளோடு பேசவில்லை. காரை எடுக்க வெளியே வந்தாள். இருட்டில் இருமல் சத்தம் கேட்டது. பதினான்கு ஆண்டு மேசைக்காரர், இரும்புக் கடை டெஸ் வூலி.

"இந்தா கேலீன். ஒரு நிமிஷம். எங்கம்மாவோட பாட்டி… அவளும் டக்கெட்தான். உங்க சைலஸோட பொண்ணு. வெளில சொல்லிடாதே."

"அப்போ நாம சொந்தமா?"

"அதெல்லாம் வேண்டாம். நீ அங்க நின்னு சொன்னியே, அதுல என்னையும் சேர்த்துக்கிட்டியான்னு தெரிஞ்சுக்கணும். தூக்கம் வரமாட்டேங்குது."

"சேர்த்துக்கறேன்," என்றாள் கேலீன். அவர் அவளுடைய கையை அழுத்திவிட்டு, சொந்தக்காரர் என்று யாரும் நினைத்துவிடாத தூரத்துக்கு வேகமாக நடந்துபோனார்.

அவருக்குப் பின்னால் ஆயுள் மேசைக்காரி ஒருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னொருவர். வேறு வேறு சாட்டைக்காரர்கள், வேறு வேறு ஊர்கள். எல்லோரும் கார்களுக்கு நடுவில், ஒருவரையொருவர் பார்க்காததுபோல் வரிசையில் நின்றார்கள். ஹெஸ்டர், "என் வீட்டுக்காரர் பக்கம்னு வெச்சுக்கோயேன்," என்றார். இணை உறுப்பினர்கூடப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஈரக் கையோடு வந்தார். மேல்தட்டில் காற்று வாங்கிய அவருடைய ஆள்தான் அந்தச் சாட்டைகளுக்குத் தோல் விற்றவராம்.

கடைசியாக அக்லண்ட். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"ஜோப் நூறு அடி வாங்கினது சத்தியம்," என்றார். "அதுல சந்தேகமே வேண்டாம். வாங்கி முடிச்ச மறு வருஷம் சாட்டை அவர் கைக்கு வந்துடுச்சு."

"அதை ஏன் மேடையில சொல்லக் கூடாது?"

"நல்லாருக்கே! ரெண்டையும் சொன்னா நான் எந்த நாற்காலியில உட்காருவேன்? இங்க பாரும்மா. வாங்கினது வரலாறு. குடுத்தது குடும்ப விஷயம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னையும் சேர்த்துக்கோ," என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கேலீனுக்கு முதுகு கனத்தது. ஒரு சைலஸோடு வந்தவள் முப்பது சைலஸ்களோடு திரும்பினாள். அத்தனை பேருடைய ரகசியத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பதும் ஒரு குற்றமாகத்தான் அவளுக்குப் பட்டது. தகடு திரும்பட்டும், அப்பா பார்க்கட்டும், பிறகு எதுவானாலும் பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தகடு திரும்பவில்லை. உறுப்பினர்களுக்குக் கிடைத்த ஆறுதல் எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக இருந்ததால், அதை ஒரே தடவையோடு முடித்துவிடுவது சரியல்ல என்று சங்கம் கருதியது. டக்கெட் மன்னிப்பு ஆண்டுதோறும் நடைபெறும் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிட்டார்கள், கயிற்றுக்கும் பாவ்லோவாவுக்கும் நடுவில்.

மெர்வ் குளிர்காலத்தைத் தாண்டினார். பிடிவாதம்தான் காரணம். அடுத்த விருந்துக்கு நானும் வருவேன் என்றார். டாக்டர் கூடாது என்றார். "நீங்க வேணும்னா வராதீங்க," என்றார் மெர்வ்.

சக்கர நாற்காலியில், மடியில் ஆக்சிஜன் உருளையோடு, கழிவறைக் கதவோரம் அவரை உட்கார வைத்தாள். அவர் சுவரைப் பார்த்தார். வரிசையாகப் பெயர்கள். நடுவில் எழுத்தே இல்லாத ஒரு பித்தளைச் சதுரம், மூலைக்கு ஒரு திருகாணியோடு.

"அதுதானா?"

"அதுதாம்ப்பா. மன்னிச்சுடுங்க."

"நீ எதுக்குடி கேக்கறே?" என்றார். கார்களுக்கு நடுவில் நடந்த அத்தனையும் அவருக்குத் தெரியும். கேலீனால் அதைத் தனியாகச் சுமக்க முடிந்ததில்லை.

வாசகம் முடிந்தது. கஞ்சி ஆறியது. கயிறு வருடியது. கேலீன் எழுந்தாள். கூடம் ஆறுதலுக்குத் தயாராகத் தலையைச் சாய்த்துக்கொண்டது.

"போன வருஷம் நான் கேட்டப்போ நிறையப் பேரு என்னையும் சேர்த்துக்கோன்னு சொன்னாங்க," என்றாள். "யாரு என்னன்னு நான் சொல்ல மாட்டேன். மன்னிச்சுக்கோங்க, எனக்கு ஒண்டியா கேட்டுக் கேட்டு முடியல. அடிச்சவங்க வம்சத்துல வந்தவங்க கொஞ்சம் எழுந்து நின்னா, எல்லாருமா சேர்ந்து ஒரு தடவை கேட்டுடலாம்."

கூடம் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தது. ஒரு வருடமும் கஞ்சிக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. டெஸ் வூலி ஒரு கல் பிஸ்கட்டை எடுத்து இரண்டு பக்கமும் ஆராய்ந்தார். ஹெஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். மெத்தை நாற்காலியில் அக்லண்ட் கண்ணை மூடி மூதாதையரோடு பேசிக்கொண்டிருந்தார்.

அப்போது கதவோரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. மெர்வ் ஒரு கையால் மேசையைப் பிடித்தார், மறு கையால் உருளையைத் தூக்கினார். கேலீன் ஓடினாள். கிட்டே வராதே என்று தலையை ஆட்டினார். இரண்டு வருடமாக நிற்காத கால்கள் உதறின. நின்றார். மூச்சு வரும் வரை காத்திருந்து, உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கான பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பரவால்ல, உக்காருங்கய்யா," என்றார். "சிரமப்படாதீங்க."

அந்த ஆண்டின் கூட்டக் குறிப்பில், எண்பத்தொரு வயதுப் பார்வையாளர் ஒருவர் மூச்சுத் திணறலால் எழுந்து நிற்க நேரிட்டது, நிகழ்ச்சி சிறிது தடைப்பட்டது, சங்கம் அதற்கு வருந்துகிறது என்று பதிவானது. சங்கம் எதற்காகவும் வருந்தியது அதுவே முதல் முறை.

மறுநாள் காலை அக்லண்டே தொலைபேசியில் அழைத்தார். இனி மன்னிப்பு வேண்டாமாம். தகட்டை உடனே திருப்பி மாட்டிவிடுகிறார்களாம். எந்தப் பேச்சும் வேண்டாமாம்.

கேலீன் முதியோர் இல்லத்துக்கு ஓடினாள். மெர்வ் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"வேண்டாம்னு சொல்லு," என்றார்.

"அப்பா! நீங்க ஆசைப்பட்டதுதானே?"

"அப்படியே இருக்கட்டும்டி. அந்த ஆளு காலம் பூரா மத்தவன் முதுகையே பார்த்துக்கிட்டு நின்னவரு. இப்ப இவங்க அவர் முதுகைப் பார்க்கட்டும்."

எதிர்க் கட்டிலில் கிளாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெகுநேரம் கழித்து, "மெர்வ்," என்றார். "எங்க ஆளும்…"

"தெரியும்டா," என்றார் மெர்வ். "தூங்கு."

அந்த வாரமே மெர்வ் இறந்துபோனார். அப்பாவை அந்த விருந்துக்கு அழைத்துப் போகாமல் இருந்திருக்கலாமோ என்று கேலீன் இன்றைக்கும் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் நினைக்கிறாள். அந்தப் பெயர்களைச் சொல்லியிருக்கலாமோ என்றும் நினைக்கிறாள். இரண்டுக்கும் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உறுப்பினர் பதவியை விடுவதாக எழுதிக் கொடுக்க ஒரு நாள் கூடத்துக்குப் போனாள். யாருமில்லை. சுவரில் மற்ற தகடுகள் எல்லாம் பாசி நிறத்தில் மங்கிக் கிடந்தன. டக்கெட் தகடு மட்டும், அந்த வெற்று முதுகு மட்டும், விரல்கள் பட்டுப் பட்டுத் தங்கமாக மின்னியது. அதற்குக் கீழே, ஹெஸ்டரின் அழகான கையெழுத்தில் புதிதாக ஓர் அட்டை ஒட்டியிருந்தது:

உறுப்பினர்கள் தயவுசெய்து தொட வேண்டாம்.